வழி தொடங்குகிற வீடு

ஜூலை கடைசியில் ஒரு காலைப் பொழுது, ஊர்ச் சங்கத் தலைவர் தீமியோஸ் பூசாஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த ஆட்டுத்தோல். வெயிலில் அதன் வீச்சம் சமையலறை வரை வந்தது. உள்ளே என் மகள் ஸ்மாரோ குடைமிளகாய்க்குள் அரிசியை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோனது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"டீச்சர், இந்த வருஷம் உங்க ஸ்மாரோதான் போடணும்" என்றார் பூசாஸ்.

"பொண்ணுங்க போட்டதில்லையே, தலைவரே."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஆணென்ன, பொண்ணென்ன? பள்ளிக்கூடத்துல சமத்துவம், சமத்துவம்னு நீங்கதானே பாடம் நடத்தறீங்க? உங்க அப்பா போன வருஷம் வரைக்கும் போட்டாரு. நடுவுல உங்க தம்பி போட்டான். வீட்டுல ஆம்பள இல்லேங்கறதுக்காக ஊர் வழக்கத்த விட்டுட முடியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் கட்டிய புதிது. சிரிக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த நேரம். நான் தோலை வாங்கிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். "சரி" என்றேன். அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று. நான் கத்துவேன், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக வந்திருந்தார் மனிதர்.

எங்கள் ஊர் அனோவ்ரிசி, தெர்மோபிலே கணவாய்க்கு மேலே, கல்லித்ரோமோ மலைச்சரிவில் இருக்கிறது. கீழே நெடுஞ்சாலையோரம், முந்நூறு பேரோடு பாரசீகப் படையை மறித்துச் செத்த ஸ்பார்ட்டா மன்னன் லியோனிதாஸ் சிலையாக நிற்கிறார். பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி அவரோடு படம் எடுத்துக்கொண்டு, கந்தக வெந்நீரில் காலை நனைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே ஏறி வருகிறவர்கள் குறைவு. வராதவர்களை வரவழைக்கத்தான் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் அந்தப் போரை நடிக்கிறோம். முந்நூறு பேருக்குப் பதில் முப்பது பேர், தகரக் கேடயம், பாரசீக மன்னனாக இறைச்சிக் கடை ஸ்தெர்யோஸ். லியோனிதாஸாக எப்போதும் ஒரு பூசாஸ்.

அப்புறம் எஃபியால்திஸ். கணவாயை மறித்து நின்ற கிரேக்கர்களின் முதுகுப் பக்கம் போக, பாரசீகருக்கு மலைவழியைக் காட்டிக்கொடுத்தவன். எங்கள் மொழியில் கெட்ட கனவுக்கே அவன் பெயர்தான். அவனாக நடிப்பவர் அந்தத் தோலைப் போர்த்திக்கொண்டு மன்னன் முன்னால் நிற்க வேண்டும். "வழி எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். "எங்கே தொடங்குகிறது?" என்று மன்னன் கேட்பான். இடத்தைச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, கோயில் சதுக்கத்திலிருந்து ஊற்று வரை ஓட வேண்டும். வழி நெடுக ஊரே அழுகின தக்காளியால் அடிக்கும். மற்றவர்களுக்கு நாடகம் அதோடு முடிந்துவிடும். தோல் போட்டவருக்கு முடியாது. காப்பிக் கடையில், தேவாலய வாசலில், கல்யாணப் பந்தியில், "வாடா எஃபியால்தி" என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பாவின் இறுதிச் சடங்கில்கூட ஒருவர் பழக்கதோஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யார் போடுவது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. வழி எவன் நிலத்தில் தொடங்குகிறதோ, தோல் அவன் வீட்டுக்கு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் பூசாஸின் தாத்தா. முதன்முதலில் நாடகம் போட்டபோது துரோகியாக நடிக்க யாரும் முன்வரவில்லையாம். ஊருக்கு மேலே ஆட்டுத் தொழுவம் வைத்திருந்த, கேட்பாரில்லாத குடும்பம் ஒன்று இருந்தது. "வழி அவன் தொழுவத்துக்குப் பின்னாலிருந்துதான் போகிறது" என்றார். முடிந்தது. அந்தக் குடும்பம் எங்களுடையது.

என் தம்பி ஸீஸிஸ் தோல் போட்டபோது அவனுக்குப் பதினாறு வயது. அந்தக் கோடையில் ஊற்றுத் தண்ணீர் விஷயமாக அப்பாவுக்கும் தீமியோஸ் பூசாஸுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. தம்பி சதுக்கத்தைத் தாண்டி ஓடும்போது ஒரு தக்காளி முகத்தில் வந்து விழுந்தது. அதற்குள் கல் இருந்தது. இடது கண் போயிற்று. லாமியா நகரத்து ஆஸ்பத்திரியில் மருத்துவர் அப்பாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எறிந்தது யார் என்று ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். லியோனிதாஸ் வேஷத்தில், சிவப்புப் போர்வையோடு, குறி பார்த்து எறிந்த கை தீமியோஸ் பூசாஸின் கை. காவல் நிலையத்தில் சொன்னேன். சின்னப் பெண் உளறுகிறாள் என்றார்கள். பூசாஸ் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "போர்னா நாலு அடி படத்தான் செய்யும்" என்றார். தம்பி அடுத்த வருடமே மெல்போர்னுக்குப் போனான். அம்மா செத்ததற்கும் வரவில்லை.

கண் போன அன்றிலிருந்து நான் பூசாஸுக்கு நல்லது நினைத்ததில்லை. இதை ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். வருடா வருடம் இந்தப் போரைப் பாடமாக நடத்துகிறேன். காட்டிக்கொடுத்தவனை ஸ்பார்ட்டாக்காரர்கள் கொல்லவில்லை. பல காலம் கழித்து வேறொருவன், வேறு ஏதோ காரணத்துக்காகக் கொன்றான். ஆனாலும் ஸ்பார்ட்டாக்காரர்கள் அந்தக் கொன்றவனைக் கொண்டாடினார்கள். அந்த வேறு காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று எழுதிவிட்டுப் பழைய சரித்திரக்காரர் சொல்லாமலே போய்விட்டார். "என்ன காரணம் மிஸ்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். தெரியாது என்பேன். தம்பியின் கண்ணாக இருக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பூசாஸ் போனதும் ஸ்மாரோ அரிசிக் கையோடு வந்து நின்றாள். "அம்மா, நான் போடமாட்டேன். செத்தாலும் போடமாட்டேன்."

"நீ போடவேண்டாம்" என்றேன்.

"அப்புறம் ஏன் வாங்கி மாட்டுன?"

"வேற ஒருத்தருக்கு வேணும். அதுக்குத்தான்."

யாருக்கு, எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. வழியைக் காட்டியவர் பூசாஸேதான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏதென்ஸிலிருந்து ஊரானியா தெல்லபோர்த்தா என்ற பேராசிரியை வந்தார். நெட்டையான பெண்மணி, பையில் எப்போதும் சூரியகாந்தி விதை, நடக்கும்போது கொறித்துக்கொண்டே நடப்பார். அந்த மலைவழி எது என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குள் தீராத சண்டை. கீழே கடல் விலகிப்போய்விட்டது, கணவாய் வயலாகிவிட்டது, குன்றில் கிடைத்த அம்புமுனைகளை வைத்துக் கடைசிச் சண்டை நடந்த இடத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் நடந்துபோனவன் காலடி எந்த மண்ணில் மிஞ்சும்? ஓக் சருகு மிதிபட்ட சத்தத்தில்தான் மலைமேல் காவலிருந்த கிரேக்கர்கள் விழித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. ஓக் மரம் மலை முழுக்க இருக்கிறது. பேராசிரியை எங்கள் தொழுவத்து வழியிலும் ஏறினார், பூசாஸின் பழைய மாவு ஆலையை ஒட்டிய வழியிலும் ஏறினார். அவர் முடிவு செய்யும் இடத்தில் அரசாங்கம் பலகை வைக்கும், மலையேறிகள் வருவார்கள் என்று ஊரில் பேச்சு.

மாவு ஆலையைத்தான் பூசாஸ் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். எட்டு அறை, எட்டும் காலி. பேராசிரியை வந்த மூன்றாம் நாள், ஒரு தூக்கு நிறையத் தேனோடு பூசாஸ் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க சொன்னா அந்தம்மா கேப்பாங்க. வழி எங்க ஆலைகிட்டதான் தொடங்குதுன்னு நாலு வார்த்த சொல்லுங்க. ஊருக்கு நல்லது."

ஒரு கணம் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. மனிதர் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் ஒன்றும் இல்லை. அவருக்கு நினைப்பே இல்லை! அந்தச் சட்டம் எங்கள் தலையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அது ஒரு சட்டம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. தோல் என்றால் எங்கள் வீடு. பலகை என்றால் அவர் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் ஓடுகிறது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

"நான் சொன்னா எடுபடாது, தலைவரே" என்றேன். "நிலம் உங்களோடது. நீங்களே சொல்லுங்க. ஊர்க் கூட்டம் போடுங்க, பேராசிரியையும் வரட்டும். எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் மதிப்பு."

"நீங்க நல்ல மனுஷி, பொலிக்ஸேனி. உங்க தம்பி விஷயத்த மனசுல வெச்சிருப்பீங்களோன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் பழசு" என்றேன். தேன் நன்றாக இருந்தது. தூக்கை வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு பேராசிரியையைப் பார்த்து, எது சரியான வழி என்று நேராகவே கேட்டேன். "ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு" என்றார். "ஆலைப் பக்கம் சரிவு கம்மி, பெரிய படை சுலபமா ஏறும். ஆனா நிரூபிக்க முடியாது. ஊர்க்காரங்க நினைவு ஒண்ணு சேர்ந்தா, 'இங்கே தொடங்கியதாகக் கருதப்படுகிறது'ன்னு பலகைல போடலாம்." ஆகவே வழியைப் பற்றி நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழிவாங்குவதில் அது எவ்வளவு ருசி என்று செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. காப்பி, சீஸ் பணியாரம், எல்லாம் பூசாஸ் செலவு. கிழவர்கள் இரண்டு பேரைக் கொஞ்சம் சிபுரோ சாராயம் ஊற்றிச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். ஊரே வந்திருந்தது. முன் வரிசையில் அவர் பேரன் நிகிஃபோரோஸ், என் வகுப்புப் பையன், பதினாறு வயது. அந்த வருடம் முதன்முதலாக முப்பது வீரர்களில் ஒருவன். தாத்தாவுக்குப் பிறகு லியோனிதாஸ் அவன்தான் என்று ஊருக்கே தெரியும். நல்ல பையன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூசாஸ் எழுந்து, கல் பாவிய பழைய பாதை, பாறையில் வெட்டின தண்ணீர்த் தொட்டி என்று ஆரம்பித்தார். பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"வகுப்புல கேக்கற மாதிரி கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க தலைவரே" என்றேன். "அந்த இடம் எப்பவுமே உங்க குடும்பத்தோடதுதானா?"

"பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து! வேற எவனும் கால் வெச்சதில்ல."

"எங்க கராவாஸ் குடும்பத்துத் தொழுவத்துப் பக்கம் வழி இல்லயா?"

"அது ஆடு ஏறுற தடம், டீச்சர். அதுல படை போகுமா? எங்க தாத்தா ஏதோ தெரியாம சொல்லிட்டாரு."

"அப்ப எஃபியால்திஸ் உங்க நிலத்துலேர்ந்துதான் கூட்டிட்டுப் போனான்."

"கூட்டிட்டுப் போனது மட்டுமா? எங்க தொட்டிலதான் தண்ணி குடிச்சிருப்பான். சொல்லப்போனா அவன் வீடே எங்க ஆலைக்குப் பின்னாடிதான் இருந்திருக்கணும். எழுதிக்குங்கம்மா!"

எனக்கு அப்போது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்தேன். தோலை உதறி, மேசைமேல், அவருடைய காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"வழி எவன் நிலத்துல தொடங்குதோ, தோல் அவன் வீட்டுக்கு" என்றேன். "உங்க தாத்தா போட்ட சட்டம். எங்க வீட்டுல தப்பா இருந்துருச்சு. கொண்டாந்துட்டேன்."

ஈயாடவில்லை அவர் முகத்தில். பின் வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

"நாடகம் வேற, போர்டு வேற!" என்றார் பூசாஸ்.

"எப்படி வேற?" என்றார் ஸ்தெர்யோஸ். "நான் மன்னன், ஆண்டு தவறாம நான்தானே கேக்கறேன், வழி எங்க தொடங்குதுன்னு? இப்ப பொய்யா பதில் சொல்லச் சொல்றீங்களா தலைவரே?"

பேராசிரியைக்குக் கண் விரிந்தது. "இப்படி ஒரு வழக்கம் இருக்கா? ரொம்ப முக்கியமாச்சே. நிலத்து நினைவும் நாடகமும் ஒண்ணா போகுதா?" என்று கருவியை இன்னும் பக்கத்தில் தள்ளினார். "நீங்க சொன்னது நிச்சயம்தானே, மிஸ்டர் பூசாஸ்? சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லுங்க, அழிச்சிடறேன்."

அவருக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. சந்தேகம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலகை போகும், மானம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அல்லது தோலைத் தானே போட்டுக்கொண்டிருக்கலாம். சட்டத்தில் வயது வரம்பு கிடையாது. அவர் எட்டு காலி அறைகளை நினைத்தார். சிவப்புப் போர்வையையும் நினைத்தார் போலிருக்கிறது.

"நிச்சயம்தான்" என்றார். பேரன் பக்கம் திரும்பினார். "நிகிஃபோரோஸ், ஒரு வருஷம்தானேடா. வெளையாட்டா எடுத்துக்க."

பையன் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து தோலை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனான். பையன் மேல் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என் தம்பியும் பாவம்தான். பாவம் பார்த்து அதை நிறுத்த நான் வாய் திறக்கவில்லை.

நாடகத்தன்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். ஸ்மாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாளில் வெளியே தலைகாட்டாதவள், கடலைப் பொட்டலத்தோடு முன் வரிசையில். பூசாஸ் மேடைமேல் வெண்கல நிறத் தகடு மாட்டி, போர்வை காற்றில் பறக்க, வழக்கமான வசனங்களைக் கத்தினார். எங்களூர் லியோனிதாஸுக்கு மூச்சு வாங்கியது.

நிகிஃபோரோஸ் தோலோடு வந்தான். சனங்கள் ஊளையிட்டார்கள். சாக்குகளில் கைகள் தக்காளி தேடின. அவன் ஸ்தெர்யோஸ் முன்னால் மண்டியிட்டான்.

"மன்னா, மலை மேல போற வழி எனக்குத் தெரியும்."

"எங்கே தொடங்குகிறது?"

ஆலைப் பக்கம் கைகாட்ட வேண்டும். பையன் கையைத் தூக்கினான். அது மெல்லத் திரும்பி மேடை மேல் போய் நின்றது. "என் தாத்தாகிட்ட கேளுங்க" என்றான். "ஒரு போர்டுக்காக என்னைக் காட்டிக்கொடுத்தாரு. அவருக்குத்தான் வழி நல்லாத் தெரியும்."

தோலைக் கழற்றி மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, ஓடாமல், நடந்தே போனான். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு தக்காளிகூட அவன் மேல் விழவில்லை.

முதல் தக்காளி லியோனிதாஸின் நெஞ்சுத் தகட்டில் பட்டு டங்கென்றது. எறிந்தது யார் என்று ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. அப்புறம் மழைதான். தண்ணீர்ச் சண்டை, நிலத் தகராறு, சங்கக் கணக்கு, பேச்சோடு பேச்சாக வாங்கின அவமானம் என்று ஒவ்வொரு வீட்டிலும் அவருக்காக ஒன்று அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "நிறுத்துங்கடா! நான் லியோனிதாஸ்டா!" என்று கத்தினார். ஸ்தெர்யோஸ் சிம்மாசனத்திலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் எறிந்தேன். அவர் கேடயத்தை இறக்கும்வரை காத்திருந்து எறிந்தேன். பட்டது. எனக்கு இனித்தது, இன்றைக்கும் நினைத்தால் இனிக்கிறது.

பையன் மறுநாளே ஏதென்ஸில் இருக்கும் அப்பாவிடம் போய்விட்டான். அங்கேயே பள்ளியில் சேர்ந்தான். தாத்தா போன் செய்தால் எடுப்பதில்லையாம்.

வசந்த காலத்தில் பலகை வந்தது. நல்ல பழுப்புப் பலகை, இரண்டு மொழி, விடுதி வாசலிலேயே நட்டார்கள். அரசாங்கத்துச் சொத்து, பிடுங்கினால் வழக்கு. மலையேறிகளும் வருகிறார்கள், பொய் சொல்வானேன். எட்டு அறையும் நிரம்புகிறது. வருகிற ஒவ்வொருவனும் பலகையைப் படித்துவிட்டு, காப்பி கொண்டுவரும் பூசாஸைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கேட்கிறான், "அப்போ நீங்கதான் அந்தத் துரோகி குடும்பமா?" பணம் கொடுக்கிறவன் கேட்கிறான், என்ன செய்வார்? "ஆமாங்க" என்று சிரிக்கிறார். ஊருக்குள் அதுவும் வேண்டியதில்லை. "வாங்க எஃபியால்தி" என்றால் திரும்பிப் பார்க்கிறார்.

ஞாயிறுதோறும் நான் அங்கே போய் வாசல் மேசையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பது வழக்கம். ஸ்மாரோ வருவதில்லை, "எனக்கு அது முடிஞ்சுபோச்சும்மா, நீ போ" என்றுவிட்டாள். போன வாரம் ஒரு ஜெர்மன் தம்பதி அதே கேள்வியைக் கேட்டு, அவரை நடுவில் நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டு மலையேறிப் போனார்கள். பூசாஸ் என் கோப்பையை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இளைத்துப் போயிருந்தார்.

"டீச்சர், பேரன் பேசமாட்டேங்கறான். வருஷம் ஆகப்போகுது. போதாதா உங்களுக்கு?"

"எங்கம்மா சாகற வரைக்கும், தம்பி வருவான்னு தெனம் சாயங்காலம் பஸ் வர்ற நேரத்துக்கு ரோட்டுக்குப் போய் நின்னா, தலைவரே" என்றேன். "நீங்க இப்பத்தான் போக ஆரம்பிச்சிருக்கீங்க."

அவர் சாலையைப் பார்த்தார். லாமியா பஸ் வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது.